துபாய்க் கப்பலுக்கு ஆடு கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: வேடசந்தூர் பக்கம் எங்கள் ஊர். பக்ரீத்துக்கு என்று வெள்ளாட்டுக் கிடா 32 வைத்திருக்கிறோம். அய்யலூர் சந்தையில் பழக்கமான தரகர் ஒருவர், "துபாய்க்குக் கப்பல் போகுது, சந்தை விலைக்கு மேல உருப்படிக்கு 1,500 ரூபாய் வாங்கித் தர்றேன்" என்கிறார். தடுப்பூசி, தனிமைச் செலவு என்று 20,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளோ, "உயிரோட கப்பல்ல ஏத்துறது பாவம், அதுக்கு இங்கேயே மயக்கி அறுத்துடலாம்" என்று சண்டை போடுகிறாள். நாங்களே சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்றால், போன வருஷம் எங்கள் ஊர்க்காரர் வண்டியை வழியில் மடக்கி ஆட்டையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். என்ன செய்யட்டும் டாக்டர் ஐயா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெளிநாட்டுக்கு ஆடு அனுப்புகிறவர் உங்களுக்குப் பணம் தருவார். உங்களிடம் வாங்க மாட்டார். ஏற்றுமதி செய்கிறவருக்கு மத்திய அரசு கொடுத்த 10 இலக்கக் குறியீட்டு எண் ஒன்று இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள், முகத்தைப் பாருங்கள். கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஆட்டைத் தனியாக வைத்துக் கவனித்து, வாங்கும் நாடு கேட்கிற பரிசோதனைகளை முடித்து நலச் சான்று தருவது மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையம். நமக்குப் பக்கத்தில் அது சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிறது. அந்தச் செலவு முழுக்க ஏற்றுமதியாளர் தலையில். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியோ, நம் கால்நடைத் துறை முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். அப்படியிருக்க இந்த 20,000 எதற்கு? உருப்படிக்கு 1,500 என்றால் 32-க்கு 48,000. அந்த 48,000-ஐக் காட்டித்தான் 20,000-ஐ உருவுகிறார்கள். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறவர் சந்தைக்குள் கெட்டிக்காரராக இருக்கலாம். துறைமுகத்தில் அந்தத் துண்டுக்கு வேலை கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. நான் பணியில் இருந்தபோது ஒரு பக்ரீத் சமயம், நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்திய காவலர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "சார், உங்க சான்றிதழ்தான், 40 ஆடுன்னு போட்டிருக்கு, வண்டியில 67 நிக்குது." போய்ப் பார்த்தால் என் கையெழுத்து, என் முத்திரை எல்லாம் அச்சு அசலாக இருக்கின்றன. தேதி மட்டும் திருத்தப்பட்டிருந்தது. எப்போதோ நான் கொடுத்த சீட்டை நகல் எடுத்து ஒரு தரகர் வண்டிக்கு இவ்வளவு என்று விற்றிருக்கிறார். வாங்கிய விவசாயிக்கு அது போலி என்றே தெரியாது. மேல்தட்டில் நின்ற ஆட்டின் மூத்திரம் கீழே நின்ற ஆட்டின் முதுகில் வழிந்து, மயிர் திரிதிரியாக ஒட்டிக்கிடந்தது. கீழ்த்தட்டில் மூன்று செத்திருந்தன. மற்றவை அவற்றின் மேல் நின்றுகொண்டிருந்தன. தரகர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆகவே ஒரு சான்றிதழ் உங்கள் கைக்கு வந்தால், மருத்துவர் உங்கள் ஆட்டை நேரில் பார்த்தாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்காமல் வந்த சீட்டு மளிகைக்கடைச் சீட்டுக்குச் சமம்.

இனி மகள் விஷயம். கப்பலைப் பற்றி அவர் சொல்வது சரிதான். கப்பலில் ஆட்டுக்கு எமன் வெக்கை. அடுக்கடுக்கான தட்டுகள், காற்றோட்டம் போதாது, கீழே ஈரமும் அம்மோனியா நாற்றமும். 2017 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வளைகுடாவுக்குப் போன அவாஸி எக்ஸ்பிரஸ் கப்பலில் சுமார் 2,400 செம்மறிகள் வெக்கையிலேயே செத்தன. அந்தப் படங்கள் வெளியே வந்த பிறகு எழுந்த கூச்சல்தான், 2028 மே 1 முதல் கடல்வழியே உயிருள்ள செம்மறி அனுப்பக்கூடாது என்று 2024-ல் அந்த நாட்டைச் சட்டம் போட வைத்தது. நியூசிலாந்து 2023-லேயே கடல்வழி அனுப்புவதை நிறுத்திவிட்டது. 2022 ஜூனில் சூடானின் சுவாக்கின் துறைமுகத்தில், சுமார் 9,000 ஏற்ற வேண்டிய கப்பலில் 15,000-க்கு மேல் செம்மறிகளை ஏற்றி, கரையிலேயே கப்பல் கவிழ்ந்தது. மாலுமிகள் தப்பினார்கள். நம் நாட்டில் 2023-ல் உயிருள்ள கால்நடை ஏற்றுமதியை எளிதாக்கும் வரைவு மசோதா ஒன்று வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதத்தில் திரும்பப் போய்விட்டது. ஆக, கப்பல் வேண்டாம் என்று மகள் சொன்னால் அவர் பக்கம்தான் நானும்.

ஆனால் "மயக்கி அறுத்துவிடலாம்" என்பது அவ்வளவு சுலபமில்லை. தலையில் மின்சாரம் கொடுத்து நினைவிழக்கச் செய்து அறுக்கும் முறை நியூசிலாந்து போன்ற இடங்களில் ஹலால் இறைச்சிக்கே நடைமுறையில் இருக்கிறது. கொடுக்கிற மின்சாரம் ஆட்டைக் கொல்லாது, அறுக்காமல் விட்டால் எழுந்துவிடும் என்பதால் அங்கே பல மார்க்க அறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நம் ஊரில் குர்பானிக்கு, அதாவது பக்ரீத் பலிக்கு, வாங்குகிறவர் அதை ஏற்பது அரிது. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-வது பிரிவும், ஒரு சமயம் கேட்கிற முறையில் அறுப்பதைக் குற்றமாக்கவில்லை. இதை வைத்து டிவியில் மணிக்கணக்காகக் கத்துகிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: கூரான கத்தியால் ஒரே இழுப்பில் கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாய்களும் அறுந்தால், ஆட்டுக்குச் சில விநாடிகளில் நினைவு போய்விடும். மாட்டுக்கு மூளைக்கு ரத்தம் போக முதுகெலும்பு ஓரமாக வேறு வழியும் இருப்பதால் நேரம் பிடிக்கும். ஆகவே மாட்டுக்கான சண்டையை ஆட்டின் தலையில் போடாதீர்கள். கத்தி மழுங்கலா, பக்கத்து ஆடு பார்க்க அறுக்கிறார்களா, இந்த இரண்டையும் கவனியுங்கள். கத்தியைத் தீட்டு, பிராணியைத் தவிக்கவிடாதே என்று நபிமொழியே சொல்கிறது. ஒரு பிராணியின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக்கூடாது என்று 2001-ன் இறைச்சிக்கூட விதியும் சொல்கிறது. அதே விதி, ஒரு மருத்துவர் மணிக்கு 12 பிராணிக்கு மேல், நாளைக்கு 96-க்கு மேல் பரிசோதிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. பண்டிகைக்கு முந்தின நாள் ஒரு நகரத்துக்கு எத்தனை ஆயிரம் ஆடு வருகிறது, அங்கே மருத்துவர் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டுப் பார்த்து அலுத்துவிட்டேன்.

கத்தியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் லாரியைப் பற்றிப் பேசுவதில்லை. கத்தி சில விநாடி, லாரி ஒரு ராத்திரி. உங்கள் பணமும் போவது அந்த ராத்திரியில்தான்.

குர்பானி ஆட்டுக்கு ஒரு வயசு நிரம்பியிருக்க வேண்டும், நொண்டக்கூடாது, கண் பழுது கூடாது, காது பெரிதாகக் கிழிந்திருக்கக் கூடாது. வேரோடு கொம்பு முறிந்தாலும் வாங்குகிறவர் ஒதுக்கிவிடுவார். நெருக்கி ஏற்றிய வண்டியில் முதலில் போவது காலும் கொம்பும்தான். வீட்டில் இருந்தவரை பத்தரை மாற்றுத் தங்கமாக நின்ற கிடா, இறங்கும்போது கறிக்கடைக்கு மட்டும் ஆகும். அந்தக் கறியும் தேறாது. ராத்திரி முழுக்கப் பயந்து நின்ற ஆட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்து, கறி கறுத்து, கெட்டியாகி, சீக்கிரம் கெடும்.

நீங்களே கொண்டுபோவதென்றால் வண்டிக் கணக்கை முதலில் போடுங்கள். மோட்டார் வாகன விதிப்படி ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் இடம் வேண்டும். அடிக் கணக்கில் 3.2 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். குட்டியானையின் தட்டு ஏறக்குறைய 7 அடிக்கு 5 அடி, அதாவது 35 சதுர அடி. 10 ஆடு நிற்கும். "25 வரைக்கும் தாங்கும் அண்ணே" என்பார் ஓட்டுநர். தாங்குவது வண்டி. உங்கள் 32-க்கு 104 சதுர அடி வேண்டும். 17 அடி நீள ஐச்சர் மாதிரி ஒன்று பிடியுங்கள். இரண்டு வீட்டு ஆட்டைச் சேர்த்து ஏற்றி வாடகையைப் பங்கு போடுகிறோம் என்று இடத்தைக் குறைக்காதீர்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. கால்நடைப் போக்குவரத்து விதிகள் 1978-ல் வந்தவை. அவற்றில் செம்மறி, வெள்ளாட்டுக்கான பகுதி 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குத்தான் பொருந்தும். மருத்துவர் சான்று, முதலுதவிப் பெட்டி, தீவனம், தரையில் வைக்கோல் எல்லாம் அந்தப் பகுதியில் இருக்கின்றன. யாரோ நல்ல எண்ணத்தில் எழுதினார்கள், பக்கத்துச் சந்தைக்குப் போகிற ஏழையைத் தொல்லை செய்யக் கூடாது என்று. நடப்பது என்ன? "அஞ்சே முக்கால் மணி நேரத்துல கொண்டுபோய்ச் சேர்த்துடறேன், சீட்டே வேண்டாம்" என்கிற ஓட்டுநருக்குக் கூடுதல் வாடகை. வேடசந்தூரிலிருந்து சென்னைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். அதை ஐந்தே முக்கால் மணியில் ஓட்ட வேண்டும் என்றால் எங்கும் நிற்கக் கூடாது, திருப்பத்தில் வேகம் குறைக்கக் கூடாது. ஆடு ஒரு பக்கமாகச் சாயும், அடியில் விழுந்தது எழாது. ஆட்டை மிதிபடாமல் காக்க எழுதிய விதி, ஆட்டை மிதிபட வைக்கிறது. அதோடு இந்த 6 மணிக் கணக்கு அந்தப் பகுதிக்கு மட்டும்தான். துன்புறும்படி ஏற்றிப்போவது குற்றம் என்கிற தாய்ச் சட்டமான மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுக்கும், 0.3 சதுர மீட்டருக்கும் கடிகாரம் கிடையாது. ஒரு மணி நேரப் பயணத்திலும் உங்களைப் பிடிக்கலாம். வழியில் டீசல் போட, டீ குடிக்க, டயர் மாற்ற நின்றால் ஆறு ஏழாகிவிடும். ஆகவே சான்று வாங்கியே கிளம்புங்கள், எத்தனை மணிப் பயணமாக இருந்தாலும்.

சான்றில் கிடாக்களின் எண்ணிக்கை, காதுத் தோட்டில் உள்ள 12 இலக்க எண், வண்டி எண், போகும் இடம் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். அனுப்புகிறவர், பெறுகிறவர் பெயர், தொலைபேசி எண், ஆட்டின் எண்ணிக்கை எழுதிய சீட்டு வண்டியிலும் தெரிய வேண்டும். காலைக் கட்டிப் போடாதீர்கள். வெளியே குதிக்கும் என்ற பயம் இருந்தால் கட்டலாம் என்று விதி விடுகிறது, ஆனால் உயரமாகத் தட்டி அடைத்துவிட்டால் அந்தப் பேச்சே வராது. நடத்திக்கொண்டு போகலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கும் 2001-ல் விதி உண்டு, 30 டிகிரி வெயிலுக்கு மேல் நடத்தக்கூடாதாம். எழுதியவர் சித்திரையில் திண்டுக்கல் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.

உங்கள் ஊர்க்காரருக்கு நடந்தது ஏன் பயமுறுத்துகிறது என்றால், அபராதத்தால் அல்ல. 11-வது பிரிவில் முதல் குற்றத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். 1960-ல் எழுதிய தொகை, இன்றைக்கு ஒரு டீக்கும் இரண்டு வடைக்கும் காணாது. வலி வேறு இடத்தில். பிடிபட்ட ஆட்டைக் காப்பகத்தில் வைத்துப் பராமரிக்கும் செலவை உடைமையாளர் தலையில் ஏற்றலாம் என்று 2017-ல் தனி விதி வந்தது. வழக்கு முடிகிறவரை நாள் கணக்கில் ஏறும். பக்ரீத் போய்விடும், கிடா திரும்பி வரும்போது அதன் விலையைவிடத் தீவனக் கணக்கு பெரிதாக இருக்கும். இது தரகர் தலையிலோ ஓட்டுநர் தலையிலோ விடியாது, உடைமையாளர் நீங்கள். சாலையில் தனியார் ஆட்கள் வந்து மடக்கினால் ஆட்டை அவர்களிடம் ஒப்படைக்காதீர்கள். 100-க்குப் போன் போட்டு, காவலர் வரும்வரை வண்டியை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

என்னைக் கேட்டால், பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே திண்டுக்கல், திருச்சி ஜமாத்துகளில் நேரில் பேசி, உங்கள் தோட்டத்துக்கே வந்து எடைபோட்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள். உயிர் எடைக்குக் கிலோ இவ்வளவு என்று பேசுங்கள், உருப்படிக் கணக்கு வேண்டாம். தராசு உங்களுடையதாக இருக்கட்டும். காசு எண்ணிக் கைக்கு வந்த பிறகு கயிற்றைக் கொடுங்கள்.

அப்படியும் சென்னைக்குத்தான் என்றால், சூரியன் சாய்ந்த பிறகு ஏற்றுங்கள். ஏற்றும் முன் தண்ணீர் காட்டுங்கள். எடை கூடட்டும் என்று உப்புத் தண்ணீர் புகட்டச் சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு கிடாவின் கொம்பையும் காலையும் காதுத் தோட்டோடு சேர்த்து செல்போனில் படம் பிடித்து வையுங்கள். கொம்பு ஏற்றும்போதே உடைந்திருந்தது என்று இறக்கும் இடத்தில் சொல்வார்கள்.