ஆட்டு முடி நூலாகாமல் உதிர்வது ஏன்?

பென்னாகரத்தில் தக்ளியில் (கையால் சுழற்றி நூற்கும் சிறு கதிர்) பருத்தி நூல் நன்றாக வருகிறது, பக்கத்து வீட்டு மேச்சேரி ஆட்டின் முடி மட்டும் உதிர்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு உங்கள் கையில் இல்லை, ஆட்டில். மேச்சேரி கறிக்கும் தோலுக்கும் வளர்க்கிற இனம்; உடம்பில் குட்டை முடிதான், கம்பளி கிடையாது. யார் நூற்றாலும் நிற்காது. குறும்பை ஆட்டு ரோமம் கேட்டுப் பாருங்கள். முரடுதான், ஆனால் நூலாகும்.

அது கிடைத்தாலும் பருத்திக் கணக்கு செல்லாது. பருத்தி இழை சுமார் 3 சென்டிமீட்டர்தான், அதனால் நிறைய முறுக்கு வேண்டும். கம்பளி இழை அதைவிட நீளம்; அதே முறுக்கைக் கொடுத்தால் நூல் விறைத்துச் சுருளும். இரண்டு கைக்கும் நடுவே ஓர் இழை நீளத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இடம் விட்டு இழுங்கள். நெருக்கிப் பிடித்தால் இழை நகரவே நகராது. நூற்றதைத் தளர்த்தி மடக்கிப் பாருங்கள். லேசாகப் பின்னிக்கொண்டால் சரி, முடிச்சு முடிச்சாகத் திருகினால் முறுக்கு அதிகம்.

அப்புறம், தருமபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் பூச்சி துளைத்து வெளியேறிய கூடு கிடைத்தால் விடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசையை நீக்கினால் அதையும் நூற்கலாம். எனக்கு அதுதான் கம்பளியைவிடப் பிடித்த வேலை.