வாசகர் கேள்விகள்: வெயில் மயக்கம், விரல் மரப்பு, களி, தூக்கம், பாம்புக்கடி

இம்முறை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை, நோயைக் காட்டிலும் அந்த நாள் எப்படிக் கழிந்தது என்பதையே விரிவாகச் சொல்கின்றன. ஒரு மருத்துவராக இதை மனமார வரவேற்கிறேன். டாக்டரிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நாம் விட்டுவிடும் விவரத்தில்தான் பல நேரங்களில் நோய்க்கான காரணம் இருக்கிறது.

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார், அதில் நீர் பிரியும் மாத்திரையும் ஒன்று. போன அக்னி நட்சத்திரத்தின்போது மாந்தோப்புக் காவலுக்குப் போனவர், மதியம் எழுந்து நின்றதும் சரிந்து விழுந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை. நிழலில் படுக்க வைத்துச் சோடா கொடுத்ததும் பேசினார். இது வெப்ப வாதமா? (பேர்ணாம்பட்டு வாசகர்)

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று விவரங்கள், அதாவது எழுந்து நின்றதும் விழுந்தது, வியர்த்திருந்தது, படுக்க வைத்ததும் தெளிவாகப் பேசியது ஆகியவை, நீரும் உப்பும் குறைந்து ரத்த அழுத்தம் இறங்கியதையே காட்டுகின்றன. வெப்ப வாதத்தில் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், நினைவு தடுமாறும், பேச்சு குழறும், வலிப்புகூட வரலாம். வியர்வை நின்றிருந்தால்தான் வெப்ப வாதம் என்று பலர் நினைக்கிறார்கள். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே அது வருவதுண்டு. எனவே புத்தி தெளிவாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். தடுமாற்றம் தெரிந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது அந்த நீர் மாத்திரைதான். வயதானால் தாக உணர்வு மங்கிவிடும், அதன்மேல் இந்த மாத்திரையும் சேர்ந்தால் வேலூர் வெயிலில் உடல் வற்றுவது அவருக்கே தெரியாது. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். கோடை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் காட்டி, அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தோப்புக்குப் போகும்போது சோடாவுக்குப் பதிலாக நீர்மோரோ உப்பு-சர்க்கரைக் கரைசலோ கொடுத்தனுப்பலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு கூடினால் ஆபத்து. இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைக் குடிக்கக் கூடாது.

கேள்வி: இருபது வருடமாகப் பீடி சுற்றுகிறேன். ராத்திரி தூங்கும்போது வலது கை விரல்கள் மரத்துப் போய் விழிப்பு வந்துவிடுகிறது, கையை உதறினால் சரியாகிறது. கழுத்து வலியும் உண்டு. நீர்க்கடுப்பும் அடிக்கடி வருகிறது. தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும், எண்ணிக்கை குறைந்துவிடும் என்பதால் பகலில் அதிகம் குடிப்பதில்லை. கைக்கு என்ன மாத்திரை சாப்பிடலாம்? (குடியாத்தம் வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருப்பதே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆனாலும் நீங்கள் கேட்ட கையிலிருந்தே தொடங்குகிறேன்.

இரவில் மரத்து, உதறினால் தெளிவது, மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளம். மரப்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றோடு மோதிர விரலின் பாதி வரை இருந்து, சுண்டுவிரல் தப்பித்திருந்தால் பெரும்பாலும் அதுதான். இலையைச் சுருட்டி, நூல் கட்டி, நுனி மடிப்பதில் மணிக்கட்டு ஒரே விதமாக நாள் முழுவதும் வளைந்தே இருப்பதால் அந்த நரம்பு நுழைந்து செல்லும் குறுகிய பாதைக்குள் வீக்கம் ஏற்பட்டுவிடுகிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் மணிக்கட்டுப் பட்டையை, கை நேராக இருக்கும்படி இரவில் மட்டும் சில வாரங்கள் கட்டிப் பாருங்கள். வலி மாத்திரையால் நரம்பின் மீதுள்ள அழுத்தம் குறையாது, தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகத்துக்கும் கேடு. சர்க்கரையும் தைராய்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், இவ்விரண்டும் இதே மரப்பைக் கொண்டுவரும். இன்னொன்றையும் நீங்களே பார்க்கலாம். இரு உள்ளங்கைகளையும் விரித்து அருகருகே வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேட்டை ஒப்பிடுங்கள். வலது கையில் அது தட்டையாகிப் பள்ளம் விழுந்திருந்தாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ தாமதிக்காமல் நரம்புச் சோதனை செய்து, தேவையானால் சிறு அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும். வற்றிய சதை முழுவதும் திரும்பி வராது.

கழுத்து வலிக்குக் காரணம், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் குனிந்திருப்பது. சுவரில் முதுகைச் சாய்த்து, முறத்தின் கீழே ஒரு தலையணை வைத்து உயர்த்திக்கொண்டால் கழுத்துக்கு எவ்வளவோ ஆறுதல்.

இனி நீர்க்கடுப்பு. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்போது, எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் பணம்தான் என்பது எனக்குப் புரிகிறது. உங்கள்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கினால் கிருமித் தொற்று திரும்பத் திரும்ப வரும், நம் ஊர் வெயிலில் கல்லும் சேரும். அதற்குப் போகும் செலவும் விடுப்பும் நீங்கள் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகிவிடும். சில கட்டுகள் முடிந்ததும் எழுந்து, அரைத் தம்ளர் குடித்து, கையை நீட்டி மடக்கிவிட்டு உட்காருங்கள். கழுத்துக்கும் கைக்கும் அதே ஓய்வு உதவும். சாப்பிடும் முன்பும் குழந்தையைத் தூக்கும் முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், புகையிலைத் தூளின் நிக்கோடின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் நடத்தும் மருந்தகங்களில் கட்டணமின்றிக் காட்டலாம்.

கேள்வி: கேழ்வரகு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று அம்மாவுக்கு இரவில் சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு உருண்டை களி கொடுக்கிறோம். சாப்பிட்ட பின் பார்த்தால் 280 காட்டுகிறது. (திமிரி வாசகி)

பதில்: காட்டத்தான் செய்யும். கேழ்வரகில் நார்ச்சத்தும், அரிசியைவிடப் பல மடங்கு கால்சியமும் உண்டு, ஆனால் மாவுச்சத்து ஏறக்குறைய அரிசியை ஒட்டியே இருக்கிறது. நைசாக அரைத்த மாவைக் கிளறிய களி விரைவில் செரித்துவிடும். களியை விட வேண்டாம். ஒரு சிறு உருண்டையோடு நிறுத்தி, கீரைக் கடைசலையும் முள்ளுக் கத்தரிக்காயும் காராமணியும் போட்ட குழம்பையும் தட்டில் அதிகமாக்குங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகக் கூடும். வெறும் வயிற்றுச் சோதனையை மட்டும் நம்பாமல், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனையும் செய்யுங்கள்.

கேள்வி: தினமும் அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போகிறேன். நான்கு மணிக்கு எழுகிறேன், படுக்கப் பதினொன்றாகிறது. தலைவலி தீரவில்லை.

பதில்: பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும், நீங்கள் ஐந்தில் நிற்கிறீர்கள். ரயிலில் உட்கார்ந்தபடி போடும் தூக்கம் அதை ஈடு செய்யாது. முதலில் படுக்கும் நேரத்தை ஒன்பது மணிக்குக் கொண்டு வாருங்கள். குறட்டை பலமாக இருந்து, மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னால், தூக்கச் சோதனை அவசியம்.

கேள்வி: வேர்க்கடலை பிடுங்கும்போது என் சித்தப்பாவைப் பாம்பு கடித்தது. கயிற்றால் இறுகக் கட்டி, மந்திரிப்பவரிடம் அழைத்துப் போனோம், பிழைத்துக்கொண்டார். அப்படியானால் அது பலித்தது என்றுதானே அர்த்தம்? (அணைக்கட்டு வாசகர்)

பதில்: அவர் பிழைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கடிக்கும் பாம்புகளில் பல விஷமில்லாதவை, விஷப்பாம்பும் ஒவ்வொரு முறையும் விஷத்தை இறக்குவதில்லை. மந்திரித்துப் பிழைத்தவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் அடங்குவார்கள். விஷம் இறங்கிய ஒருவருக்கு மந்திரிப்பில் ஒரு மணி நேரம் வீணானால், மூச்சோ சிறுநீரகமோ நின்றுபோகலாம். இறுகக் கட்டுவதால் அதற்குக் கீழே உள்ள தசை அழுகலாம். கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், மெட்டியைக் கழற்றி, கடிபட்ட காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் பொதுவானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம், அந்த மருந்து தயாரிக்க வேண்டிய நஞ்சை எடுத்துத் தருகிறது. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்ததா என்று அறிய, கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் உடனே மருந்தை ஏற்றுவார்கள்.

கட்டு விரியனைப் பற்றி மட்டும் தனியாக எச்சரிக்கிறேன். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும் அதன் பல் பதிந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, வீக்கமும் இராது. விடியற்காலை வயிற்று வலியோடு எழுந்தவருக்கு இமை தொங்கினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, அஜீரணம் என்று எண்ணிக் கஷாயம் கொடுத்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். களத்து மேட்டில் காவல் படுப்பவர்கள் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு படுப்பது நல்லது.