உமையாக்கள் விட்டுச்சென்றது: கேள்வி பதில்

கி.பி. 661 முதல் 750 வரை டமாஸ்கஸைத் தலைநகராக வைத்து ஆண்ட உமையா வம்சத்துக் கலீஃபாக்களை, அதாவது நபிக்குப் பின் வந்த முஸ்லிம் ஆட்சித் தலைவர்களை, பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள். எனக்குப் பழங்காசுகளில் ஈடுபாடு அதிகம். அதனால் பேச்சும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும்.

துபாயில் வேலை பார்க்கிறேன். திர்ஹம் என்ற பெயர் உமையாக்கள் வைத்ததா சார்?

பெயர் அவர்களுக்கும் மூத்தது. கிரேக்கரின் திராக்மாதான் பாரசீகம் வழியாக வந்து திர்ஹம் ஆனது. ரோமர்களின் தினாரியஸ்தான் தினார். அரபுகள் ஈராக்கைப் பிடித்தபோது அங்கே புழங்கிய காசை உடனே மாற்றவில்லை. வெள்ளிக் காசில், அரபுகளுக்கு முன் பாரசீகத்தை ஆண்ட சாசானிய மன்னரின் முகமும் பின்பக்கம் நெருப்புப் பீடமும் அப்படியே இருக்கும். ஓரத்தில் மட்டும் ‘பிஸ்மில்லாஹ்’ சேர்ந்திருக்கும்.

உமையா கலீஃபா அப்துல் மலிக் (685–705) முதலில் வாளோடு நிற்கும் கலீஃபாவின் உருவத்தைப் பொறித்துப் பார்த்தார். பிறகு ஹிஜ்ரி 77இல், அதாவது 696-97இல், உருவத்தையே எடுத்துவிட்டார். அந்தப் புதிய தினார் சுமார் 4.25 கிராம் தங்கம். ஒருபக்கம் நடுவே மூன்று வரியில், அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை, அவனுக்கு இணை இல்லை என்ற வாசகம். மறுபக்கம் குர்ஆனின் 112ஆம் அத்தியாயத்து வரிகள், சுற்றிலும் காசு அடித்த ஆண்டு. கலீஃபாவின் பெயர்கூட இல்லை! அரசன் முகம்தான் காசுக்கு மதிப்பு தரும் என்று நம்பிய உலகத்தில் இது எவ்வளவு துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். அதன்பின் பல நூற்றாண்டுகள், டில்லி சுல்தான்கள் வரை, பெரும்பாலும் எழுத்துக் காசுகளே வந்தன.

அரபி ஆட்சிமொழி ஆனதும் இவர் காலத்தில்தானா?

ஆமாம். அதுவரை டமாஸ்கஸில் வரிக் கணக்கு கிரேக்கத்திலும் ஈராக்கில் பாரசீகத்திலும் எழுதப்பட்டது. எழுதியவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். புனிதர் என்று போற்றப்படும் டமாஸ்கஸ் யோவானின் குடும்பமே அந்தக் கணக்கைப் பார்த்த குடும்பம். அப்துல் மலிக் கணக்கை அரபிக்கு மாற்றச் சொன்னார். சர்க்கார் வேலை வேண்டுமென்றால் அரபி படித்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. என் கணிப்பில், சிரியா இன்று அரபி பேசுவதில் படைக்குச் சமமான பங்கு அந்தக் கணக்குப் பேரேட்டுக்கும் உண்டு.

கர்பலாவில் ஹுசைன் (ரலி) அவர்களைக் கொன்ற ஆட்சியை இப்படிப் பாராட்டலாமா?

உங்கள் வருத்தம் நியாயமானது, சகோதரரே. 680இல் நபியின் பேரரைக் கொன்றது முதல் உமையா கலீஃபா முஆவியாவின் மகன் யஸீதின் படை. தந்தைக்குப் பின் மகன் என்று கிலாஃபத்தை வாரிசுச் சொத்தாக்கியதன் விலை அது. காசையும் மொழியையும் பேசும்போது இதை மறைத்தால் நான் பொய் சொன்னவன் ஆவேன். ஷியா முஸ்லிம்கள் முஹர்ரம் பத்தாம் நாளில் இன்றும் அழுகிறார்கள். அந்தக் காயமும் உமையாக்கள் விட்டுச்சென்றதுதான்.

ஏன் கவிழ்ந்தார்கள்?

காரணங்கள் பல. எனக்கு முக்கியமாகப் படுவது, இஸ்லாத்தில் சேர்ந்த அரபு அல்லாதவர்களை, மவாலிகளை, நடத்திய விதம். மதம் மாறிய பிறகும் பல இடங்களில், முஸ்லிம் அல்லாதவர்கள் கட்டும் ஜிஸ்யா வரியை வசூலித்தார்கள். இரண்டாம் உமர் (717–720) அதைத் திருத்தப் பார்த்தார், ஆனால் மூன்று ஆண்டுகூட ஆளவில்லை. பாரசீகத்தின் கிழக்கே குராசானில் கிளம்பிய கிளர்ச்சி 750இல் அப்பாசியர் என்ற வேறொரு வம்சத்தை அரியணை ஏற்றியது. தப்பித்த இளவரசர் அப்துர் ரஹ்மான் ஸ்பெயினுக்குப் போய் 756இல் கொர்டோவாவில் ஆட்சி தொடங்கினார்.

உமையாக்களைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் எதிரிகள் எழுதியதா?

நம் கைக்கு வந்த பெரிய வரலாறுகள் பெரும்பாலும் அப்பாசியர் காலத்தவை. அதனால்தான் காசையும் கல்லெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறேன். ஜெருசலேமில் அப்துல் மலிக் கட்டிய பாறைக் குவிமாடத்துக்குள் சுமார் 240 மீட்டர் நீளத்துக்கு மொசைக் எழுத்து ஓடுகிறது. பின்னாளில் அப்பாசிய கலீஃபா மஃமூன் காலத்தில், கட்டியவர் பெயரை எடுத்துவிட்டு மஃமூன் பெயரைப் பதித்தார்கள். ஆண்டை மாற்றவில்லை. ஹிஜ்ரி 72 என்று அது இன்றும் அங்கேயே இருக்கிறது. மஃமூன் பிறந்ததே ஹிஜ்ரி 170இல்.