வீட்டிலேயே பூனைக்குச் சர்க்கரை பார்ப்பது: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: எங்கள் பூனைக்கு 11 வயது. ஆண், கருத்தடை செய்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். காலையும் இரவும் 2 யூனிட் இன்சுலின் போட்டு வருகிறோம். தண்ணீர் குடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது, பழையபடி விளையாடுகிறான். ஆனால் போன வாரம் கிளினிக்கில் பார்த்தபோது சர்க்கரை 380. டோஸைக் கூட்டலாம் என்றார்கள். அன்று மாலையே அப்பாவின் சர்க்கரை மெஷினில் வீட்டில் பார்த்தால் 142. எதை நம்புவது? காதில் குத்தும்போது என் கை நடுங்குகிறது, பாவமாகவும் இருக்கிறது. இதைத் தொடர வேண்டுமா?

பதில்: தொடருங்கள். அந்தக் காதுக் குத்தலைவிட அவனுக்குப் பெரிய பாதுகாப்பு வேறு இல்லை. கை நடுக்கம் பத்துப் பன்னிரண்டு தடவையில் போய்விடும். டோஸை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 380. அதை எடுத்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். கூடையில் அடைத்து, வண்டியில் ஏற்றி, நாய் குரைக்கிற அறையில் காத்திருக்க வைத்து, முன்பின் தெரியாத இருவர் பிடித்துக்கொள்ள ஊசி குத்தியிருப்பார்கள். பயந்த பூனையின் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். உடனே ஈரல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கிற சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். தப்பி ஓட உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. பூனைகளிடம் இது ரொம்பவே அதிகம். சர்க்கரை நோயே இல்லாத பூனைக்குக்கூட பயத்தில் 300-ஐத் தாண்டுவது உண்டு. ஏறியது இறங்கச் சில மணி நேரமாவது ஆகும். அதனால் கிளினிக்கில் ஒரே ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்து டோஸை ஏற்றக் கூடாது.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில், வரும்போதெல்லாம் 350, 400 என்று காட்டிய ஒரு பூனைக்கு இரண்டு முறை டோஸைக் கூட்டினேன். வீட்டில் அதற்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. ஒருநாள் விடிகாலையில் வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டது. அந்த வீட்டில் ஒரு சின்ன மெஷின் இருந்திருந்தால் அந்த வலிப்பு வந்திருக்காது. அதன் பிறகு இன்சுலின் எழுதிக் கொடுக்கிற அன்றே காதில் ரத்தம் எடுக்கவும் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்து உங்கள் 142. இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மனித ரத்தத்தில் சர்க்கரை கிட்டத்தட்ட 58 சதவீதம் பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதியிலும் 42 சதவீதம் சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கும். பூனை ரத்தத்தில் 93 சதவீதம் பிளாஸ்மாவில்தான். மனிதர்களுக்கான மெஷின் மனிதக் கணக்கை மனதில் வைத்துச் செய்தது என்பதால் பூனை ரத்தத்தை வைத்தால் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். எவ்வளவு குறைக்கும் என்பது மெஷினுக்கு மெஷின், அளவுக்கு அளவு மாறும். 'இத்தனை கூட்டிக்கொள்' என்று ஒரே சூத்திரம் கிடையாது. ஆக அவனுடைய உண்மையான அளவு 142-ஐவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். ஆனாலும் 380-க்கும் 142-க்கும் நடுவே இருக்கிற தூரம் மெஷினால் மட்டும் வந்திருக்க முடியாது. பெரும்பகுதி பயமாக இருக்கலாம்.

விலங்குகளுக்கென்றே வருகிற மெஷின் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். சிலவற்றில் பூனைக்கு ஒரு குறியீடு (code), நாய்க்கு ஒரு குறியீடு இருக்கும். ஒவ்வொரு தடவையும் மெஷின் பூனைக் குறியீட்டில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் அப்பாவின் மெஷினே போதும். அதை மாற்றாமல் வைத்திருங்கள், உங்கள் மருத்துவரிடம் எண்ணைச் சொல்லும்போது மனித மெஷின் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்று ஒரு மெஷின், நாளை ஒன்று என்று மாற்றினால் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

சரி, காது. இரவில் அவன் உங்கள் மடியில் தூங்கும்போது காது மடலை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளி ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய சிவப்புக் கோடு ஓடும். அதுதான் ரத்தக் குழாய். அதைக் குத்த வேண்டியதில்லை. அதற்கும் மடலின் விளிம்புக்கும் இடையே ஒரு நெல்மணி அகலத்துக்கு இடம் இருக்கிறதே, அங்கே குத்தினால் போதும். அந்த இடத்தில் வலி நரம்புகள் குறைவு. பல பூனைகள் குத்தினதையே கண்டுகொள்ளாது. உங்கள் பூனை சத்தம் போடுகிறான் என்றால் பிடித்து அமுக்கியதற்காகத்தான் இருக்கும்.

குளிர்ந்த காதில் ரத்தம் வராது. பலருக்கு முதல் நாள் தோற்றுப்போவது இங்கேதான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, காதில் அரை நிமிடம் ஒத்துங்கள். காது நனையக் கூடாது, ஈரம் பட்டால் எண் தப்பாகும். பிறகு வாஸ்லினை விரலில் தொட்டு மிக மெல்லிசாகத் தடவுங்கள். இல்லாவிட்டால் ரத்தம் ரோமத்துக்குள் பரவி ஓடிவிடும், வாஸ்லின் இருந்தால் கடுகு மாதிரி திரண்டு நிற்கும். மடலுக்கு உட்பக்கம் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டால் ஊசி உங்கள் விரலில் ஏறாது, காதும் நழுவாது.

மெஷினில் ஸ்ட்ரிப்பை முதலிலேயே செருகித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். குத்துகிற குட்டி ஊசியை (லான்செட்) ரொம்ப மெல்லிசாக வாங்காதீர்கள். ஆரம்பத்தில் 28 கேஜ் நல்லது (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லிசு). 33 மாதிரி மெல்லிய ஊசியில் சொட்டே வராமல் நாலு தடவை குத்த வேண்டியிருக்கும். அதுதான் அவனுக்குக் கொடுமை. லான்செட்டைப் பொருத்திக் குத்துகிற, 'டக்' என்று சத்தம் போடும் பேனாவுக்குப் பயப்படுகிற பூனை என்றால் கையாலேயே குத்திவிடுங்கள். சொட்டு திரண்டதும் ஸ்ட்ரிப்பின் நுனியை அதில் தொடுங்கள், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சை வைத்துப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். இல்லையென்றால் காது கன்றிப்போகும், அடுத்த நாள் தொடவே விடமாட்டான். முடிந்த கையோடு அவனுக்குப் பிடித்ததை ஒரு துண்டு கொடுங்கள், மாவுச்சத்தில்லாத வேகவைத்த இறைச்சி போல. எண் வந்ததோ வரவில்லையோ, துண்டு கட்டாயம். இரண்டு தடவை குத்தியும் வரவில்லையா, அன்றைக்கு விட்டுவிடுங்கள். மெஷின் எடுக்கிற சத்தம் கேட்டதும் தானே வந்து அதே இடத்தில் உட்காருகிற பூனைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி எண்களுக்கு வருவோம். நீங்கள் எழுதாத ஒரு விவரம் இருக்கிறது. அந்த 142 காலை ஊசிக்கு எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தது? ஊசி போட்டு ஐந்தாறு மணி நேரத்தில் 142 என்றால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்படலாம். ஊசிக்குப் பதினோரு மணி நேரம் கழித்து, அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால் 142 என்றால் நான் கவலைப்படுவேன். அதற்கு மேல் இன்னொரு 2 யூனிட் போனால் நள்ளிரவில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் நேரத்தோடு எழுதின எண்தான் எண். உங்களுக்கு ஓய்வான ஒரு நாளில், காலை ஊசிக்கு முன் ஒன்று, அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று அடுத்த ஊசி வரை 12 மணி நேரத்துக்குப் பாருங்கள். சாப்பாடு, ஊசி எல்லாம் வழக்கம்போல. நாங்கள் பார்ப்பது முக்கியமாக அந்த நாளின் மிகத் தாழ்ந்த எண். விலங்கு மெஷினில் அது 80-க்கும் 150-க்கும் இடையே விழுந்தால் நல்லது. டோஸை ஏற்ற வேண்டுமா இறக்க வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம். உச்சத்தில் ஒரு தடவை 300 வந்தது என்று அன்றே கூடுதலாக அரை யூனிட் போட்டுவிடாதீர்கள். ஒரு டோஸ் உடம்பில் நிலைபெறவே ஒரு வாரம் போல வேண்டும்.

ஏறியிருக்கிற எண் நாளை வரை காத்திருக்கும். இறங்கிய எண் காத்திருக்காது. ஊசிக்கு முன் 150-க்குக் கீழே காட்டினால் ஊசியைக் கையில் எடுக்காமல் மருத்துவருக்கு போன் செய்யுங்கள். அவர் உங்கள் பூனைக்கென்று வேறு எல்லை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒருவேளை ஊசி விட்டுப்போனால் பெரிய ஆபத்தில்லை, இரண்டு பேர் தெரியாமல் இரண்டு தடவை போட்டுவிடுவதுதான் ஆபத்து. ஊசி போட்டவர் அங்கேயே ஒரு காகிதத்தில் டிக் போடுகிற பழக்கத்தை இன்றே ஆரம்பியுங்கள். சிரிஞ்சையும் ஒரு தடவை பாருங்கள். இன்சுலின் பாட்டிலில் 40 என்றிருந்தால் சிரிஞ்சிலும் 40, 100 என்றால் 100. இது மாறினால் டோஸ் இரண்டரை மடங்கு பிசகும்.

60-க்குக் கீழே போனாலோ, மெஷினை எடுக்க நேரமில்லாமல் அவன் தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, கூப்பிட்டால் வெறித்துப் பார்த்தாலோ, தேனையோ கெட்டியான சர்க்கரைப் பாகையோ ஈறில் தேய்த்துவிடுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறும். வலிப்பு வந்திருந்தால் பல்லுக்கு நடுவே விரல் போகக் கூடாது. நினைவு தெளிந்து சாப்பிட்டால் சாப்பாடு வையுங்கள், அப்படியே மருத்துவரிடம் கிளம்புங்கள். போட்ட இன்சுலின் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், தேனில் ஏறியது ஒரு மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். இன்னொரு அவசரமும் உண்டு: சர்க்கரை உச்சத்தில் இருக்க, சாப்பிடாமல், வாந்தி எடுத்து, ஒரே இடத்தில் சுருண்டு கிடந்தால் அது கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேருகிற அமிலப் பொருள்) ஏறியதாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

காது ஒத்துவரவே இல்லை என்றால் முன்னங்கால் பாதத்தின் மெத்தைப் பகுதியில் எடுக்கலாம். தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கிற சென்சாரும் பூனைகளுக்குப் பயன்படுத்துகிறோம். மனிதர்களுக்கு 14 நாள் நிற்பது பூனைகளிடம் பல நேரம் அதற்கு முன்பே கழன்றுவிடும். அது தாழ்ந்த எண் காட்டினால் காது ரத்தத்தில் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். சிறுநீர் ஸ்ட்ரிப் சர்க்கரை தாழ்ந்ததைச் சொல்லாது, அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

கடைசியாக, இந்த 142-ஐ நான் இவ்வளவு பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. சீக்கிரம் இன்சுலின் ஆரம்பித்து, மாவுச்சத்து குறைந்த சாப்பாட்டில் இருக்கிற பூனைகளில் சிலவற்றுக்கு முதல் சில மாதங்களிலேயே கணையம் தேறி, இன்சுலின் தேவையே இல்லாமல் போய்விடுகிறது. தண்ணீர் குறைந்தது, விளையாட்டு திரும்பியது என்று நீங்கள் எழுதியிருப்பது அந்தத் திசையில் இருக்கலாம். அப்படியென்றால் அவனுக்கு டோஸ் கூடக் கூடாது, குறைய வேண்டும். அடுத்த ஓய்வு நாளில் 12 மணி நேரக் கணக்கை எடுத்து, மணி, எண், சாப்பிட்டது, ஊசி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி உங்கள் மருத்துவரிடம் கொடுங்கள். அதுவரை ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ஒரு சொட்டு பார்த்துவிடுங்கள், 2 யூனிட்டுக்கு மேல் போக வேண்டாம்.