முதலில் எங்கே பார்த்தீர்கள்?

அன்புள்ள சார்,

நானும் நண்பர்கள் சிலரும் ஓய்வு நேரத்தில் புகைப்படம் எடுப்பவர்கள். வாரம் ஒருமுறை ஆளுக்கொரு படத்தைப் பகிர்ந்து கருத்து சொல்லிக்கொள்கிறோம். ஆரம்பத்தில் எல்லாப் படங்களுக்கும் 'அருமை', 'செம' என்றுதான் வரும். இனி உள்ளதைச் சொல்வோம் என்று பேசி முடிவெடுத்தோம். அப்புறம் ஒரு நண்பரின் கடற்கரைப் படத்துக்கு, 'அடிவானம் சாய்ந்திருக்கிறது, வலது பக்கத்தைக் கிராப் செய்திருக்கலாம்' என்று எழுதினேன். அன்றிலிருந்து அவர் படமே போடுவதில்லை. மனம் நோகாமல், ஆனால் பயன்படும்படி எப்படிக் கருத்து சொல்வது? என் படம் ஒன்றையும் இணைத்திருக்கிறேன். நேரமிருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

அடிவானம் சாய்ந்திருந்தால் சாய்ந்திருக்கிறது என்று சொல்லத்தான் வேண்டும். அதை நிமிர்த்துவது அரை நிமிட வேலை. அதற்காக யாரும் படம் போடுவதை நிறுத்திவிட மாட்டார்கள். அவர் அந்தப் படத்தில் எதையோ காட்ட நினைத்திருக்கிறார். அது உங்கள் கண்ணில் பட்டதா இல்லையா என்று உங்கள் குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை. அவருக்கு உறுத்தியது அதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

படம் எடுத்தவருக்குத் தன் படத்தைப் பார்ப்பது மிகக் கஷ்டம். காத்திருந்தது, குளிர், ஒரு சிறுவன் திரும்பிப் பார்த்த நொடியில் தனக்குள் எழுந்த பரபரப்பு எல்லாமே அவருக்குப் படத்தோடு சேர்ந்து தெரியும். பார்ப்பவருக்கு நான்கு விளிம்புகளுக்குள் இருப்பது மட்டும்தான். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் எடுத்த ஃபிலிமை உடனே கழுவாமல் நீண்ட காலம் அப்படியே போட்டுவைப்பார். எடுத்தபோது இருந்த உற்சாகம் வடிந்த பிறகு பார்த்தால்தான் எது நல்ல படம் என்று தெரியும் என்பது அவர் கணக்கு. 1984-இல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்களே சுமார் 2,500 இருந்தன. அது கொஞ்சம் அதிகம்தான்! நமக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம், அங்கே இல்லாத ஒரு நண்பரின் கண் போதும். நீங்கள் அந்த நண்பர். அந்தக் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று சொல்வதுதான் உங்கள் வேலை.

ஆகவே உங்கள் குழுவுக்கு ஒரு யோசனை. படத்தோடு கதையைச் சேர்த்து அனுப்பாதீர்கள். 'இதற்காக விடியும் முன்பே எழுந்து போனேன்' என்று படித்துவிட்டால், அப்புறம் நாம் மதிப்பெண் போடுவது அவருடைய உழைப்புக்கு. முதலில் படம் மட்டும் வரட்டும். பார்ப்பவர் தன் கண் முதலில் எங்கே போனது, பிறகு எங்கே நகர்ந்தது, எங்கே சிக்கிக்கொண்டது என்று எழுதட்டும். 'முகத்தைப் பார்த்தேன், உடனே பின்னால் இருக்கும் வெள்ளைப் பலகைக்குக் கண் ஓடிவிட்டது' என்றால் யாருக்கும் கோபம் வராது. நடந்ததைச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். பலகையை என்ன செய்வது என்று அவரே யோசிப்பார். ஓரடி நகர்ந்து நின்றிருந்தால் அது தலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் என்பது அடுத்த முறை கேமராவைத் தூக்கும்போது தானாக நினைவுக்கு வரும்.

சில விஷயங்களில் ஒரே பதில் கிடையாது என்பதையும் குழுவில் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரத்தியா லாங் 1936-இல் எடுத்த, பிழைப்பு தேடி இடம்பெயர்ந்த ஒரு தாயைக் காட்டும் 'மைக்ரண்ட் மதர்' படத்தின் வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பத்தைப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரல் இருந்தது. அது கண்ணை இழுக்கிறது என்று நெகடிவிலேயே ரீடச் செய்து அதை மங்கவைத்தார் லாங். அவர் வேலை பார்த்த அரசுத் துறையில் புகைப்படப் பிரிவின் தலைவராக இருந்த ராய் ஸ்டிரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆவணப் படத்தில் கைவைக்கலாமா என்பது அவர் கேள்வி. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் நண்பரின் படத்தின் வலது பக்கமும் இப்படி ஒரு விவகாரமாக இருக்கலாம். அதை வெட்டச் சொல்லும் முன், 'இந்தப் பக்கத்தை எதற்காக விட்டுவைத்தீர்கள்?' என்று கேட்டிருந்தால் ஒருவேளை ஒரு பதில் வந்திருக்கும்.

படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் 'ரூல் ஆஃப் தேர்ட்ஸ்' விதியை மட்டும் தயவுசெய்து ஸ்கேல் மாதிரி எடுத்துக்கொண்டு அலையாதீர்கள். நடுவில் நின்றால்தான் பலம் பெறும் முகங்கள் உண்டு. அப்புறம், படம் இருட்டாக இருக்கிறது என்று எழுதும் முன் உங்கள் திரையின் வெளிச்சத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

'அருமை'யையும் விரட்டிவிட வேண்டாம். எது அருமை என்பதைச் சேர்த்துச் சொன்னால் போதும். எந்த இடம் நன்றாக வந்திருக்கிறது என்று தெரியாமல், அடுத்த படத்தில் அதையே விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

இனி உங்கள் படம். மழையில் குடையோடு சாலையைக் கடக்கும் பெரியவர். என் கண் முதலில் குடைக்குப் போகவில்லை, ஈரச் சாலையில் நீண்டு கிடக்கும் சிவப்பு விளக்கின் வெளிச்சத்துக்குப் போனது. அதைப் பிடித்துக்கொண்டே அவர் கால்களுக்கு வந்தேன். தூக்கிய கால் கலங்கலாகவும், ஊன்றிய கால் துல்லியமாகவும் இருக்கிறது. மெதுவான ஷட்டரில் கை ஆடாமல் எடுத்திருக்கிறீர்கள், அவர் நடப்பது அதனால்தான் தெரிகிறது. முகத்துக்கு வந்தபோது குடையின் நிழலில் ஒன்றும் புலப்படவில்லை. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை, உங்கள் நண்பர்களில் யாருக்காவது தோன்றலாம். இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு சைக்கிள் சக்கரம் இருக்கிறது. கடைசியில் என் கண் அங்கே போய் மாட்டிக்கொண்டது.

அதை ஏன் விட்டுவைத்தீர்கள்? காரணம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் கிராப் செய்யாத மூலப் படத்தை அனுப்புங்கள், முழுச் சக்கரமும் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடற்கரைப் படம் எடுத்த நண்பருக்கும் இந்தப் படத்தை முதலில் அனுப்பி, அவர் கண் எங்கே போனது என்று கேளுங்கள்.

அன்புடன்.