சம்பளப் பக்கத்தில் இல்லாத பெயர்

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. ஹட்டனில் பேக்கரி நடத்துகிறோம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த எங்கள் அப்பாயி 1996இல் வேலையை விட்டபோது கிடைத்த ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) காசில் அப்பா தொடங்கிய கடை. வியாபாரப் பதிவு இன்னும் அப்பா பெயரில்தான். நாங்கள் நடுத்தரக் குடும்பம். சிக்கனமும் நேர்மையும், சொன்ன திகதியில் கடனை அடைக்கும் பழக்கமும் அப்பா எங்களுக்குக் கொடுத்தவை. செலவு குறைவு என்பதால் 2022 நெருக்கடியிலும் கடையை மூடவில்லை. இப்போது நுவரெலியாவில் இரண்டாவது கிளை திறக்க வங்கிக் கடன் கேட்க நினைக்கிறேன். கொழும்பிலிருக்கும் நண்பன், பாசத்தைக் கடைக்குள் கொண்டுவந்தால் வியாபாரம் வளராது, வெளியாள் ஒருவரை மெனேஜராகப் போடு என்கிறான். எங்கள் குடும்பப் பழக்கங்கள் நிலைத்த வியாபாரத்துக்கு உதவுமா, தடையா? கணக்கு எவ்வளவு சுத்தம் என்று நீங்கள் பார்ப்பதற்காக, தங்கச்சி எழுதும் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். உயர்தரம் முடித்ததிலிருந்து ஒன்பது வருடமாக அவள்தான் கல்லாவில். வீட்டுப் பிள்ளை என்பதால் சம்பளம் என்று ஒன்றும் இல்லை, வேண்டியதை வாங்கிக் கொடுத்துவிடுவோம். கல்யாணத்தையும் நாங்கள்தானே செய்யப்போகிறோம்.
வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, இது எனக்கு அடிக்கடி வரும் கேள்வி. கேட்கிறவர்கள் எல்லோரும் "உதவும்" என்ற பதிலை முன்கூட்டியே வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். உங்களுக்கும் நாலு நல்ல வார்த்தை எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பேன், நீங்கள் அந்தப் படத்தை அனுப்பாமல் இருந்திருந்தால்.

கெட்டி அட்டை போட்ட நல்ல சி.ஆர். கொப்பி. சிவப்பு மையில் கோடு, நீல மையில் பெயர்கள். பாண் போடும் பாஸ், மா பிசையும் இரண்டு பையன்கள், தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் ஆட்டோ ஓட்டுபவர், கவுண்டரில் நிற்கும் இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே அடிப்படைச் சம்பளம், வாங்கிய முற்பணம், சேமலாப நிதிக்கு அவர்களிடம் பிடித்த 8 வீதம், கடை போட்ட 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கடை போட்ட 3 வீதம். ஒரு இடத்தில் தொகை பிழைத்திருக்கிறது. அதைச் சுரண்டி அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, முதலெழுத்துப் போட்டிருக்கிறாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டீர்கள். கடைசியில் கூட்டுத்தொகை, அதன் கீழே இரட்டைக் கோடு.

அதற்கும் கீழே இரண்டு வரி: "அப்பா கைச்செலவு", "அண்ணா வேன் லீசிங்".

எழுதியவளின் பெயர் எங்கே? ஆறு ஊழியர்களுக்கு எழுதுகிறாள், அப்பாவுக்கு எழுதுகிறாள், உங்கள் வேனுக்கும் எழுதுகிறாள். பிறகு கொப்பியை மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள். ஒன்பது வருடமாக மாதாமாதம் இது நடக்கிறது. நீங்களோ அதைப் படமெடுத்து, எங்கள் கணக்கின் சுத்தத்தைப் பாருங்கள் என்று எனக்கே அனுப்புகிறீர்கள்.

செலவு குறைவு என்பதால் 2022இல் தாக்குப்பிடித்தோம் என்கிறீர்கள். கேஸ் இல்லாமலும் மா விலை எகிறியும் எத்தனையோ பேக்கரிகள் இழுத்து மூடிய வருடம் அது. உங்கள் கடை நின்றதில் அப்பாவின் உழைப்பும் உங்கள் உழைப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் "குறைந்த செலவு" யாருடைய வயிற்றிலிருந்து வந்தது? தேசிய குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 30,000 ரூபா. உயர்தரம் முடித்து, ஒரு கடையின் முழுக் கணக்கையும் தூக்கிச் சுமக்கிற ஆளுக்கு அது மிகக் குறைவு. சரி, அதையே வைத்துக்கொள்வோம். ஒன்பது வருடத்துக்கு 32 இலட்சத்து 40 ஆயிரம். மாதம் 6,000 ரூபா அவள் பெயரில் சேமலாப நிதிக்குப் போயிருக்க வேண்டும், 900 ரூபா நம்பிக்கை நிதிக்கு. பழைய வருடங்களில் சம்பளம் குறைவுதானே என்று கழித்துப் பார்க்க நினைப்பீர்கள். கழியுங்கள். வருகிற தொகையை ஒரு துண்டில் எழுதி அப்பாவிடம் காட்டுங்கள்.

உங்கள் அப்பாயியையும் நீங்கள்தான் கடிதத்துக்குள் கொண்டுவந்தீர்கள், அதனால் சொல்கிறேன். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. அதுவரை ஒரே நாளுக்கு அப்பாயிக்குக் குறைவாகத்தான் போட்டார்கள். அதற்குப் பிறகும் சம்பள நாளில் பெண்களின் காசை வீட்டு ஆண்கள் போய் வாங்கிக்கொண்டு வருவது எத்தனையோ லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வழக்கமாக இருந்தது. அப்படியிருந்தும், தோட்டத்தின் சம்பளப் பேரேடான செக்ரோலில் அவர் பெயர் இருந்ததால் சேமலாப நிதியில் அவர் பெயருக்கு ஒரு தொகை சேர்ந்தது. அந்தத் தொகைதான் உங்கள் பேக்கரி. கொழுந்து நிறை குறைந்த நாளில் அப்பாயிக்கு அரைப்பேராவது, அதாவது அரைநாள் சம்பளமாவது, விழுந்திருக்கும். அவருடைய பேத்திக்கு, அவருடைய காசில் எழும்பிய கடையில், அதுவும் இல்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கிளைக்கு வருவோம். நுவரெலியாவில் கல்லாவில் யார் உட்காரப்போகிறார்கள்? இன்னொரு தங்கச்சி இல்லை. காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டும், கணக்குக்கு ஆள் வைக்க வேண்டும், காலையில் திறக்கவும் இரவில் பூட்டவும் நம்பிக்கையான ஒருவர் வேண்டும். ஹட்டனில் இந்த நாலு வேலையையும் ஒரே பெண் இலவசமாகச் செய்கிறாள். ஆகவே ஹட்டன் கடையின் இலாபம் என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பகுதி இலாபமே கிடையாது, அவளுக்குக் கொடுக்காத சம்பளம். அதைப் பார்த்து நுவரெலியாக் கிளைக்குத் திட்டம் போட்டால், முதல் வருடத்திலேயே கணக்கு உதைக்கும். அப்போது ஆட்கள் சரியில்லை, ஊர் சரியில்லை என்பீர்கள். வங்கிக்காரர் கெட்டிக்காரராக இருந்தால் முதல் நாளே கேட்பார்: இந்தக் கடையில் கெஷியர் இல்லையா?

உங்கள் நண்பன் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. குடும்பத்தைக் கடைக்கு வெளியே நிறுத்தச் சொல்கிறவர்களுக்கு, கெட்ட காலத்தில் கடை எதனால் நிற்கிறது என்று தெரியாது. 2022இல் கொழும்பு மெனேஜர் ஒருவர் இருந்திருந்தால் இரண்டாவது மாதமே வேறு வேலை தேடியிருப்பார். அப்பா தன் கைச்செலவைக் குறைத்துக்கொண்டு பாஸுக்குச் சம்பளம் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்தத் தலைமுறை அப்படித்தான். சொன்ன திகதியில் மா முதலாளிக்குக் காசு போவதால்தான் தட்டுப்பாட்டிலும் உங்களுக்கு இரண்டு மூட்டை ஒதுக்கி வைப்பார்கள். இதையெல்லாம் எந்த வங்கியும் கடனாகத் தராது. குடும்பம் கடைக்குள் இருக்கட்டும். இருக்கிறவர்கள் எல்லோரும் கணக்கிலும் இருக்கட்டும்.

வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளம் கொடுத்தால் அவளை அந்நியமாக்கியது போலாகும் என்று அம்மா சொல்வார், எனக்குத் தெரியும். லீசிங் கட்டணம் கொடுத்ததால் நீங்கள் அந்நியமாகிவிட்டீர்களா? அப்புறம், கல்யாணம். மகளின் கல்யாணம் தாய் தகப்பனின் கடமை, கூடப்பிறந்த அண்ணனின் கடமை. கடமையை அவளுடைய கூலியிலிருந்து பிடித்துக்கொண்டு செய்வது கடமையே ஆகாது. அவள் கல்யாணமே வேண்டாம் என்றால் அந்தக் காசு எங்கே போகும்? செருப்பு வாங்கவும் பஸ்ஸுக்கும் கல்லா லாச்சியிலிருந்து எடுக்கும்போது ஒவ்வொரு தரமும் "அண்ணா, எடுத்துக்கொள்ளட்டுமா" என்று கேட்கிறாளா? அதை எழுதவில்லை நீங்கள். கேட்கிறாள் என்றுதான் படுகிறது, இவ்வளவு ஒழுங்காகக் கணக்கெழுதுகிறவள் கேட்காமல் எடுக்கமாட்டாள்.

இன்னொன்று. பதிவு அப்பா பெயரில் இருக்கிறது. உயில் இல்லாமல் அவர் கண்ணை மூடினால், மலையகத்தில் நமக்குப் பொருந்தும் பொதுச் சட்டப்படி பாதி அம்மாவுக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் வித்தியாசம் இல்லை. அன்றைக்கு, கடையை வளர்த்தவன் நான் என்று நீங்கள் நிற்பீர்கள். ஒன்பது வருடம், அதற்குள் பதினைந்தாகியிருக்கும், நான் என்ன வாங்கினேன் என்று அவளோ அவள் புருஷனோ கேட்பார்கள். இந்த இடத்தில் உடைந்துபோன நல்ல கடைகள் கண்டி முதல் பதுளை வரை இருக்கின்றன. வியாபாரம் நொடித்து மூடியவை அல்ல, கூடப்பிறந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூடியவை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த மாதமே அவளை ஊழியராகப் பதியுங்கள். கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளின் சம்பளம் வேண்டாம், அவள் செய்யும் வேலைக்கு வெளியாள் என்ன கேட்பாரோ அது. அவள் பெயரில் வங்கிக் கணக்கு, அட்டை அவள் கையில். சேமலாப நிதி அவளுடையது. கல்யாணமாகி வேலையை விட்டாலும் எடுக்கலாம், இல்லாவிட்டால் 50 வயதில். போன ஒன்பது வருடத்துக்கு ஈடாக, அப்பா நடமாடும்போதே ஒரு நொத்தாரிசிடம் போய் மூவரும் பங்காளிகளாக எழுதுங்கள். எத்தனை பங்கு என்பதை அவள் இல்லாத இடத்தில் பேசி முடிவெடுக்காதீர்கள். உங்கள் வேனைக் கடைக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள், சொந்தத்துக்கு எவ்வளவு என்றும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியில் அதற்கு இடம் இருக்கிறது.

இப்படி ஆறு மாதம் எழுதிய பிறகும் இலாபம் மிஞ்சினால் நுவரெலியாவைப் பற்றி யோசிக்கலாம். ஏப்ரல் சீசன் கூட்டத்தைப் பார்த்துக் கடைக்கு அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள். ஜூன் மாத மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை போய், மாலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் எத்தனை பேர் பாண் வாங்குகிறார்கள் என்று பாருங்கள்.

போகும்போது தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தோட்டத்தில் 10ஆம் திகதிச் சம்பளம் போட்ட அன்று எத்தனை கேக் போகும், மாதக் கடைசியில் எத்தனை பணிஸ் மிஞ்சும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். கிளை திறக்கலாமா என்று நண்பனிடம் கேட்டிருக்கிறீர்கள், முகம் தெரியாத என்னிடம் கேட்கிறீர்கள். அவளிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.