காலம் சுழலுகிற பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 'டேர்ண்! டேர்ண்! டேர்ண்!' என்ற ஆங்கிலப் பாட்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதக் கட்டைப் பார்த்தால், யாழ்ப்பாணத்தில் அந்தப் பாட்டுக் கேட்காத வீடே இல்லைப் போலிருக்கிறது. குறிப்பைத் தவறவிட்டவர்களுக்காக: அமெரிக்க நாட்டார் பாடகர் பீற் சீகர் 1950களின் கடைசியில் விவிலிய வசனங்களுக்கு மெட்டுப் போட்டார். த பேர்ட்ஸ் என்ற குழு அதை மின்கிற்றாரோடு பாடி 1965 ஒக்ரோபரில் இசைத்தட்டாக வெளியிட்டது. அந்த டிசெம்பரில் அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடம். அமெரிக்கா வியட்நாமில் தரைப்படையை இறக்கிய வருடமும் அதுதான்.

கேள்வி: நீங்கள் 'பிரசங்கி' என்று எழுதினீர்கள். எங்கள் விவிலியத்தில் அப்படி ஒரு நூல் இல்லையே? பாட்டின் சொற்கள் எல்லாம் வேதத்தில் உள்ளபடியேதானா? (வாசகி, இளவாலை)

நூல் ஒன்றுதான். புரட்டஸ்தாந்தர் 'பிரசங்கி' என்பதைக் கத்தோலிக்கர் 'சபை உரையாளர்' என்கிறார்கள். 3ஆம் அதிகாரம், முதல் எட்டு வசனங்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருக்கால் வாசித்துப் பாருங்கள். வேதத்தில் எதிரும் புதிருமாக 14 சோடி, ஆக 28 காலங்கள். பாட்டில் 12 சோடிதான். 'காப்பாற்ற – எறிந்துவிட' என்பதும் 'மவுனமாயிருக்க – பேச' என்பதும் இல்லை. முதலாவது போனால் போகட்டும். இரண்டாவதை விட்டது எங்களுக்குக் குறைதான். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இந்தப் பாட்டைக் கட்டியிருந்தால் அதைத்தான் முதலில் சேர்த்திருப்பார்.

வரிசையும் மாறியிருக்கிறது. வேதத்தில் இடிக்க முதலில், கட்டப் பிறகு. அழ முதலில், நகைக்கப் பிறகு. புலம்ப முதலில், நடனம்பண்ணப் பிறகு. பாட்டில் இந்த மூன்றும் தலைகீழ். அழுகை பின்னுக்குப் போனதில் இயைபுக்கும் பங்குண்டு: 'ரீப்' (அறுக்க) என்று ஓர் அடி முடிந்தால் அதற்கு 'வீப்' (அழ) வந்து விழவேண்டும். காரணம் எதுவானாலும் விளைவு பெரிது. வேதம் துக்கத்திலிருந்து எழும்பிப் போகிறது. பாட்டு சந்தோஷத்திலிருந்து இறங்கி இறங்கி வருகிறது. அப்படி இறங்கி வந்த காதுக்குத்தான் கடைசி அடி தைக்கிறது. சமாதானத்துக்கு ஒரு காலமுண்டு என்பதோடு வேதம் நிற்கிறது. சீகர் அங்கே ஆறு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்தார்: இன்னும் காலம் கடந்துவிடவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன் என்பது பொருள். அதோடு 'சுழல்' என்று மூன்றுதரம் வரும் அந்த ஒரு சொல். அவர் கூட்டியது அவ்வளவுதான்.

கேள்வி: வேத வசனத்தைப் பாடிக் காசு பார்த்தது சரியா? (வாசகர், உடுவில்)

அந்தக் கணக்கைச் சீகரே போட்டுவிட்டார். உரிமைப் பணத்தில் பாதி மெட்டுக்கு, பாதி சொல்லுக்கு. சொல்லில் தான் சேர்த்ததற்கு 5 வீதம் போதும் என்று வைத்துக்கொண்டு, மிச்சம் 45 வீதத்தை, அந்தச் சொற்கள் பிறந்த மண்ணுக்கே போகட்டும் என்று, பாலஸ்தீனர் வீடுகள் இடிக்கப்படுவதை எதிர்க்கும் ஓர் இஸ்ரேலியக் குழுவுக்குக் கொடுத்தார். இடிக்க ஒரு காலம், கட்ட ஒரு காலம் என்று பாடியவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது அதில் தெரிகிறது.

கேள்வி: யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமி சொன்ன 'எப்பவோ முடிந்த காரியம்' என்பதைத்தானே இந்தப் பாட்டும் சொல்கிறது? சைவர்கள் மனம் ஒன்றிப் பாடலாமா? (வாசகர், கொழும்புத்துறை)

பாதித் தூரம் சேர்ந்து நடக்கும், பிறகு பிரியும். எல்லாவற்றுக்கும் ஒரு வேளை குறித்திருக்கிறது, அதை நாங்கள் குறிக்கவில்லை என்ற இடம் வரைக்கும் இரண்டும் ஒரே ஒழுங்கையில்தான் போகின்றன. ஆனால் 'முடிந்த காரியம்' என்றால் கதவு சாத்தியாயிற்று. சீகரின் கடைசி அடி அந்தக் கதவுக்குள் காலை வைத்துத் தடுக்கிறது. ஒன்று அடங்கச் சொல்கிறது, மற்றது மன்றாடுகிறது. ஒன்றை மற்றதாக்கி விளங்கப்படுத்தினால் இரண்டுக்கும் நட்டம்.

இன்னோர் இடறலும் உண்டு. பாட்டு மனதில் தைத்து அந்த நூலை முதல் அதிகாரத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறவர்கள் 'மாயை, மாயை, எல்லாம் மாயை' என்ற அடியில் இடறுவார்கள். எபிரேய மூலத்தில் அங்கே இருப்பது 'ஹெவெல்': மூச்சு, ஆவி. விடியப்புறம் வாயிலிருந்து புகையாய் வந்து கலைகிறதே, அது. சைவ சித்தாந்தத்தில் மாயை மும்மலங்களில் ஒன்று. உலகம் உண்டாவதற்கான முதற்பொருள், உள்பொருள், பொய்த்தோற்றம் அல்ல. அந்தப் பொருளை இங்கே கொண்டுவந்தால் நூல் முழுக்கப் பிழைத்துப்போகும். (தமிழ் வேதாகமத்தின் 1850ஆம் ஆண்டுப் பதிப்புக்காகப் பேர்சிவல் பாதிரியாரோடு உழைத்தவர் ஆறுமுக நாவலர். சைவர் பாடலாமா என்று கேட்பவர்கள் அதையும் நினைவில் வைத்தால் நல்லது. இன்று பரவலாகக் கையில் உள்ளது அதற்குப் பிந்திய மொழிபெயர்ப்பு.)

எங்கள் பக்கத்தில் இதற்கு நெருங்கிய உறவு தேடினால் எல்லாரும் 'யாதும் ஊரே' என்று தொடங்குவார்கள். நாங்கள் அதற்கு இரண்டு பாட்டுத் தள்ளிப் புறநானூறு 194ஐச் சொல்வோம். ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் மணமுழவு. இன்னாது அம்ம இவ்வுலகம் என்று கசந்துவிட்டு, அதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியதைக் காணட்டும் என்று முடிக்கிறார் பக்குடுக்கை நன்கணியார். ஒரு குறிச்சியில் பறைமேளமும் அடுத்த ஒழுங்கையில் நாதஸ்வரமும் ஒரே நாளில் கேட்ட ஊர்க்காரருக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

கேள்வி: சாவு, அழிவு, யுத்தம் என்று சொல்கிற பாட்டு. மெட்டோ துள்ளுகிறது. எப்படிப் பொருந்துகிறது? (வாசகி, மானிப்பாய்)

கிற்றாரை எடுத்து ஓர் அடியை மட்டும் வாசித்தால் விளங்கும். பாட்டு டி மேஜர். சரணத்தில் 'பிறக்க ஒரு காலம்' என்ற பாதி ஏ கோட்டில் (கோட் என்பது பல சுரம் ஒன்றாய் ஒலிக்கும் கூட்டு) போகிறது. 'இறக்க' என்ற சொல்லில் டி கோட்டுக்கு வருகிறது. எங்கள் கணக்கில் பஞ்சமத்தில் நின்று சட்சத்தில் இறங்குவது. அடுத்த அடியும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. நாலாவது அடியில் மட்டும் ஜி, எஃப் சார்ப் மைனர், ஈ மைனர், ஏ என்று படிப்படியாக வந்து டியில் நிற்கிறது. ஆக, சோடியின் இரண்டாம் சொல் எதுவானாலும், சாவானாலும் குணமாவதானாலும் அழுகையானாலும், காது அதை 'வீடு வந்து சேர்ந்தது' என்று கேட்கிறது. புத்தி சாவு என்கிறது, காது ஆறுதல் என்கிறது. மெட்டை மைனருக்கு மாற்றிச் சோகமாக்கிப் பாடிப் பாருங்கள், உயிர் போய்விடும்.

கேள்வி: அந்தக் குழுவின் மணிச்சத்தம் எப்படி வருகிறது? என்னிடம் இருப்பது சாதாரண ஆறு தந்திக் கிற்றார். தந்தியும் இரண்டு மாதத்தில் துருப்பிடிக்கிறது. (வாசகர், பருத்தித்துறை)

த பேர்ட்ஸ் குழுவின் ரொஜர் மக்குவின் வாசித்தது றிக்கன்பாக்கர் மின்கிற்றார், 12 தந்தி. ஆறு சோடி: தடித்த பக்கத்து நாலு சோடியிலும் ஒன்று மற்றதற்கு ஒரு ஸ்தாயி மேலே, மெல்லிய பக்கத்து இரண்டு சோடியும் ஒரே சுருதி. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிக் (தந்தியை மீட்டும் சில்லு), நடுவிரலிலும் மோதிர விரலிலும் உலோக விரல்கூடு. பாஞ்சோ வாசிக்கிற கைப்பழக்கம். ஒலிப்பதிவில் கம்பிரசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கருவி) போட்டதால் ஒவ்வொரு சுரமும் சட்டென்று மங்காமல் நீண்டு நிற்கிறது.

உங்களிடம் இன்னோர் ஆறு தந்திக் கிற்றார்க்காரர் இருந்தால் போதும். ஒருவர் கேப்போ (கழுத்தில் பூட்டித் தந்திகளை அழுத்தும் கவ்வி) இல்லாமல் டி, ஜி, எஃப் சார்ப் மைனர், ஈ மைனர், ஏ. மற்றவர் ஏழாம் கட்டையில் கேப்போ பூட்டி ஜி, சி, பி மைனர், ஏ மைனர், டி வடிவங்கள். சுருதி இரண்டுக்கும் ஒன்றுதான். மேலே இருப்பவர் மணியாய் ஒலிப்பார். கேப்போ போட்ட பிறகு மீண்டும் சுருதி பாருங்கள். இறுக்கும்போது தந்தி சற்று உயரும்; இரண்டு கிற்றாரும் சேர்ந்தால் அது உடனே காதில் குத்தும்.

வலக்கைக்கு ஒரு சொற்கட்டு: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. நாலு தட்டுக்குள் ஒரு சுற்று. 'த' எல்லாம் பிக், மற்றவை விரல். பழகுகிறவர்கள் விடும் பிழை, தகிட என்பதையே விடாமல் ஓட்டுவது. மூன்றாம் தகிட வந்தால் ஒன்று கூடிவிடும். அடுத்த கோட் ஓர் அட்சரம் பிந்தி மாறும், பாடுகிறவர் முந்திவிடுவார். முதலில் வாயால் சொல்லி, கையால் தட்டி, பிறகு தந்தியைத் தொடுங்கள்.

நாளைக்கு 12 தந்திக் கிற்றாரே வாங்கினால், இரண்டு கட்டை (இரண்டு அரைச் சுரம்) கீழே சுருதி சேர்த்து இரண்டாம் கட்டையில் கேப்போ போட்டு வாசியுங்கள். கழுத்துக்கு இழுவை குறையும். அறுவது பெரும்பாலும் ஜி சோடியின் மெல்லிய தந்தி. மேலதிகமாக இரண்டு வாங்கி வையுங்கள்.

துருவுக்கு உப்புக் காற்றும் வியர்வையும் காரணம். வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள். தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம். அழுக்கைப் பிடித்துப் பிசினாகும்; சுற்றுத் தந்தி செத்த சத்தம் போடும்.

கேள்வி: ஆலயத்தில் தமிழில் பாட விரும்புகிறோம். வேத வசனத்தை அப்படியே வைத்தால் மெட்டில் அடங்கவில்லை. (பாடகர் குழுவினர், சுண்டிக்குளி)

அடங்காது. ஆங்கிலத்தில் மூன்று அசையில் முடிகிற இடத்தில் 'ஒரு காலமுண்டு' என்று ஆறு உயிரொலி வருகிறது. 'உண்டு' என்பதை விடுங்கள், 'ஒரு' என்பதையும் விடுங்கள்: 'பிறக்கும் காலம், இறக்கும் காலம்'. எதுகை தானாக வருகிறது. ஆனால் இதில் ஒரு வினை இருக்கிறது. மேலே சொன்னபடி, மெட்டு வீடு வந்து சேரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'இறக்க' நிற்கிறது. தமிழில் அங்கே ஒவ்வொரு தரமும் 'காலம்' வந்து நிற்கும். சில அடிகளிலாவது திருப்புங்கள்: 'காலம் பிறக்க, காலம் இறக்க'. வசனநடையில் உதைக்கும், பாட்டில் உதைக்காது.

குறிலை நீட்டாதீர்கள். 'இறக்க' என்பதில் இ நீண்டால் கேட்பவருக்கு 'ஈறக்க' என்று என்னவோபோல் விழும். நீட்ட வேண்டிய இடத்தில் கா, நா, வா போன்ற நெடில் வரும்படி சொல்லை மாற்றுங்கள். கடைசி அடியில் வேகத்தைக் குறைத்து உருக்கமாக்கும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும், அடக்குங்கள். அது சத்தியம் பண்ணும் அடி. தாளம் தளர்ந்தால் சந்தேகமாய்க் கேட்கும்.

ஒலிப்பதிவு செய்து வெளியிடுவதானால் மெட்டுக்கு உரிமை இருக்கிறது, அனுமதி எடுங்கள்.

கேள்வி: செத்தவீட்டில் பாடலாமா? (வாசகர், நல்லூர்)

அன்றைக்கு வேண்டாம். பிள்ளையை இழந்த தாய்க்கு முன்னால் நின்று இறக்க ஒரு காலமுண்டு என்று பாடுவது ஆறுதல் இல்லை. நினைவுநாளில், வீட்டார் கேட்டால், கிற்றார் ஒன்றோடு.

கேள்வி: இடம்பெயர்ந்தபோதும் காப்பாற்றி வைத்த ஒரு கசற்றில் இந்தப் பாட்டு இருக்கிறது. இப்போது மங்கலாகவும் இழுபட்டும் கேட்கிறது. மீட்கலாமா? (வாசகி, கரவெட்டி)

பெரும்பாலும் மீட்கலாம். உடனே பிளேயரில் போடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைத் தூள் தெரிந்தால் பூஞ்சணம். மூக்கைக் கட்டிக்கொண்டு கையாளுங்கள். சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் சில நாள் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் நாடா நெளிந்துவிடும்.

அடுத்தது, அழுத்துப்பஞ்சு. கசற்றின் திறந்த விளிம்பில், நடுவே, செப்புத் தகட்டில் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு அது. பழையவற்றில் பசை காய்ந்து விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் நாடா, பிளேயரில் அதை வாசிக்கும் ஹெட்டில் படியாது, உயர்சுரங்கள் எல்லாம் போய்விடும். நீங்கள் சொல்லும் மங்கலுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். திருகாணி உள்ள நல்ல கசற் ஒன்றைத் திறந்து, உங்கள் நாடாச் சுருள்கள் இரண்டையும் அதற்குள் மாற்றுங்கள். ஹெட்டை ஐசோப்ரோப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருப்பதுண்டு.

பழைய பிளேயர் ஒன்றில் கடைசி வரைக்கும் வேகமாக ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் பிரியும். பிறகு நல்ல பிளேயரில் போட்டு, ஹெட்டின் பக்கத்தில் சுருளி வைத்த சின்னத் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக இரு பக்கமும் அசைத்து, சத்தம் எங்கே பளிச்சென்று வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். கணினியில் 24 பிற், 48,000 ஹேர்ட்ஸ், வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 பிறகு எடுக்கலாம்.

இழுபடுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பிளேயரின் ரப்பர் பெல்ற் தளர்ந்திருந்தால் எல்லாக் கசற்றும் இழுபடும், பெல்ற் மாற்றினால் சரி. இந்தக் கசற் மட்டும் இழுபட்டால், பதியும்போதே வேகம் ஆடியிருக்கிறது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவில் ஓட்டிய பெட்டியில் பதிந்ததென்றால், மிதிக்கிற கால் களைத்த இடமெல்லாம் இப்போது பாட்டு உயரும், வேகமாய் மிதித்த இடமெல்லாம் தாழும். அதைக் கணினியில் துண்டு துண்டாகத்தான் திருத்தவேண்டும். பாட்டு டியில் முடியவேண்டும். அரைச் சுரம் தாழ்ந்திருந்தால் வேகத்தை ஏறத்தாழ 6 வீதம் கூட்டுங்கள்.

திருத்தாத முதற் பிரதியையும் தனியே வைத்திருங்கள். பாட்டு முடிந்த பிறகும் நாடாவை நிறுத்த வேண்டாம், பக்கம் முடியும் வரை ஓடவிட்டுப் பதியுங்கள். வீட்டுக் கசற்றுகளில் பாட்டுக்குப் பின்னால் யாராவது கதைத்திருப்பார்கள்.